பத்தொன்பது நாள் பொறுக்காதவர்கள்

மன்னார் வளைகுடா, கடலடி நிலையம். ஆழம் 22 மீட்டர்.
பதிவு: ஜெசிந்தா மோத்தா, உயிரியலாளர்.

7 மார்ச் 2094, 06:10
நீர் 27 டிகிரி. காற்று வரத்து சரி. கூண்டிலுள்ள வேளா மீன், ரம்பம் போல நீண்ட மூக்குள்ளது, நாலு கிலோ கணவாய் தின்றது. உலகில் மிஞ்சியிருக்கும் கடைசி வேளா; ஆணில்லாமலேயே சினைப்பட்டிருக்கிறது. ஸ்கேனில் ஏழு குட்டிகள். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிட்டன. ஒவ்வொரு குட்டியிலும் மஞ்சள் கரு இன்னும் தொங்குகிறது. அது கரைய 19 நாள். பிறகுதான் ஈனும். தாயைக் கிழித்துவிடாதபடி குட்டிகளின் ரம்ப மூக்கை ஒரு சவ்வு மூடியிருக்கிறது.

7 மார்ச், 11:40
கரையிலிருந்து இயக்குநர் கிரிதரன்: "வெள்ளிக்கிழமை காட்சியகத் திறப்பு விழா. குட்டிங்க தொட்டியில இருக்கணும். நாளைக்கு டாக்டருங்க வர்றாங்க, வயித்தக் கிழிச்சு எடுத்துடலாம்."
இப்போது எடுத்தால் ஏழும் சாகும், தாயும் சாகும் என்றேன்.
"தாயப் பாடம் பண்ணி வச்சா நல்லாத்தான் இருக்கும், மேடம்."
அப்படியே எழுதிவைக்கிறேன். பெயரோடு.

8 மார்ச், 09:05
மருத்துவர்கள் நுழையாதபடி வாசலை உள்ளிருந்து தாழிட்டேன். கூண்டுக் கதவின் மோட்டாரைக் கரையிலிருந்தே அணைத்துவிட்டார்கள். மேலே காற்று அனுப்பும் படகிலிருந்து ஸ்டானி அண்ணன்: "தங்கச்சி, காத்தக் கொறைக்கச் சொல்லிட்டாவ. மேல வந்துரும்மா. ஒரு மீனுக்காண்டி ஏன் சாவுற?"
"ஒண்ணு இல்லண்ணே, எட்டு."
அழுதார். அழுதுகொண்டே குழாயைத் திருகினார். எல்லாரும் அப்படித்தான். அழுவார்கள், திருகுவார்கள்.

8 மார்ச், 10:30
தலை பிளக்கிறது. கடைசி சிலிண்டரை மாட்டிக்கொண்டு உள்வழியாகக் கூண்டில் இறங்கினேன். வேளாவின் துடுப்பிலிருந்த கண்காணிப்புக் கருவியை வெட்டி எறிந்தேன். கதவைக் கையாலேயே சுற்றித் திறந்தேன். அவள் போகவில்லை. இரண்டு வருடம் என் கையால் தின்னப் பழக்கியிருக்கிறேனே, எப்படிப் போவாள்? இரும்புக் கம்பியால் அடித்தேன். முதுகில். வாலில். போ சனியனே, போ. திரும்பி ரம்ப மூக்கால் ஒரே வீச்சு. என் தொடை கிழிந்தது.
போய்விட்டாள்.

8 மார்ச், 11:15
நிலையத்துக்குள் தவழ்ந்து வந்தேன். சிலிண்டர் காலி. ரத்தம் நிற்கவில்லை. கிரிதரன்: "காத்த முழுசாத் தொறந்துவிடுறேன். அது எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."
ரேடியோவை அணைத்தேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அவள் போன திசையைத் தேடிப் பக்கம் புரட்டாதீர்கள். எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். உங்களை நான் நம்பவில்லை. நீங்களும் ஏதோ ஒரு விழாவுக்கு