தம்பி நின்ற தொகுதி

பிப்ரவரி 9

காலையில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது பிரசவ வார்டின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. கட்டிய ஒப்பந்தக்காரர், "ஒழுகல் இல்ல மேடம், சுவர் வேர்த்திருக்கு" என்றார். திங்கட்கிழமையும் வேர்த்தால் அதற்கு நேர் கீழே உங்கள் கட்டிலைத்தான் போடுவேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டில் ஒரே கூட்டம். எந்த நிமிஷமும் தேர்தல் தேதி வந்துவிடும். தம்பியைக் காணோம். டெண்டர் விஷயமாகத் தலைநகரம் போயிருக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். தேர்தல் என்று வந்தால் எனக்குக் கை, கால், காது எல்லாம் அவன்தான். எந்தத் தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதுவரை அவன் மண்டைக்குள் இருக்கும். வரட்டும்.

பிப்ரவரி 17

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என் தேர்தல் சரித்திரம் முழுக்க வேண்டுமாம். சொன்னேன். வார்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று நர்ஸுகள் நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தது, அந்தச் சூடு ஆறுவதற்குள் கட்சி என்னைக் கூப்பிட்டு சீட் கொடுத்தது, வேலையை விட்டுவிட்டு நின்றது. அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றேன். அடுத்த இரண்டு தடவையும் வெற்றி. நாலாவது தடவை எதிர்க்கட்சி அலை. எங்கள் கட்சியில் பெரிய தலைகளே உருண்டபோது நான் எம்மாத்திரம்? போன தடவை மறுபடி வெற்றி. ஐந்துக்கு மூன்று. மோசமில்லை.

சொல்லாமல் விட்டதும் உண்டு. அந்த முதல் தோல்வியன்று எண்ணும் இடத்துச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு தம்பி அழுதான். காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அம்மா அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் நர்ஸ் உடையில் அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடிய காலம் எல்லாம் அந்த அழுகையில் இருந்தது.

"ஏன் மேடம் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டாள்.

"ரெண்டு தேர்தலுக்கு நடுவுல எங்கயோ வெச்சேன், காணோம்" என்றேன்.

பிப்ரவரி 18

அதை மட்டும்தான் போட்டிருக்கிறாள்.

மார்ச் 3

வேட்பாளர் பட்டியல் வந்துவிட்டது.

கீழே அலுவலகத்தில் நாற்பது ஐம்பது பேர் டி.வி. முன்னால். எங்கள் தொகுதியின் பெயரைப் படித்தார்கள். இனிஷியலைப் படித்ததுமே எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். எனக்கும் அவனுக்கும் ஒரே இனிஷியல்தானே. கைதட்டல் ஓய்வதற்குள் பெயரும் வந்துவிட்டது. தம்பியின் பெயர்.

யாரோ, "தப்பா படிச்சிருப்பாங்கம்மா" என்றார்கள். என் டிரைவர் போய் டி.வி.யை அணைத்தார். ஹாரனிலிருந்து கையே எடுக்கமாட்டார் என்பதால் ஊர் முழுக்க அவருக்கு ஹாரன் என்றுதான் பெயர். இன்று அவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். எதற்குச் சொன்னேன்?

அவன் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 4

மத்தியானம் வந்தான். எப்போதும் நேரே சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பவன், இன்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நான் கேக்கலக்கா. அவங்களா குடுத்தாங்க. எனக்கே டி.வி. பாத்துதான் தெரியும்."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"சொன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்கக்கா. நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னு பாத்தேன்."

நம்ம வீடு. அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். சாப்பிட்டான். பிரச்சாரத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். மனசு வலித்தது, ஆனால் தாங்கிக்கொள்கிற வலி. என் கையால் வளர்ந்தவன்தானே.

மார்ச் 6

கட்சியின் மாவட்டச் செயலாளர் ஆறுதல் சொல்ல வந்தார். எனக்கு ஏன் இல்லை என்று அவரிடம் நேராகவே கேட்டேன்.

"மருந்து தட்டுப்பாட்டப் பத்தி சபையில நம்ம அமைச்சரயே நிக்க வெச்சுக் கேட்டீங்களேம்மா. மேலிடம் அத மறக்கல. நல்லவேளை, தம்பி ஜனவரியிலயே வந்து பாத்தாரு. அக்காவுக்கு உடம்பு முடியல, இனிமே அலைய முடியாதுன்னு அவர்தான் எடுத்துச் சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வந்தார்னு நெனச்சோம்."

தெரியும் என்றேன். தெரியும் என்றுதான் சொன்னேன்! இத்தனை வருஷ அரசியல் அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

எனக்கு உடம்பு முடியலயாம். ஜனவரியில் நான் காய்ச்சலாகக் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொடுத்தான். கஞ்சியும் கொடுத்தான், அந்தக் காய்ச்சலையே காரணமாக அங்கே போய்ச் சொல்லியும் இருக்கிறான். ரெண்டையும் ஒரே வாரத்துல எப்படிடா செஞ்ச?

மார்ச் 7

நானே அவன் வீட்டுக்குப் போனேன். கத்தவேண்டும் என்றுதான் போனேன். போனதும் மெதுவாகத்தான் கேட்டேன்.

"பொய் எதுக்குடா சொன்ன?"

நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கும் அம்பது ஆகப் போவுதுக்கா. கல்யாணப் பத்திரிகையில கூட 'எம்.எல்.ஏ. தம்பி'ன்னுதான் அடிக்கறாங்க. சாவும்போதும் அப்படியே சாவணுமா? உன்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேனா? அவன் முகத்துக்கு நேராகக் கொடுத்திருப்பேன் என்றேன். இங்கே எழுதும்போது பேனா நிற்கிறது.

அவன் பெரிய மகள், எங்கள் சிட்டு, அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 12

சுயேச்சையாக நிற்கிறேன். இன்று மனுத் தாக்கல் செய்துவிட்டேன்.

தெருவையே அடைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பிரசவ வார்டில் குழந்தை பெற்றவர்கள் குழந்தையோடு வந்தார்கள். "நீங்க நில்லுங்கம்மா, நாங்க இருக்கோம்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். மக்களுக்காக நிற்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள்.

மக்களுக்காகத்தானா? ஆம் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். நூற்றொன்றாவது தடவை அவன் முகம் வருகிறது.

மார்ச் 20

வாபஸ் வாங்கக் கடைசி நாள். தம்பி மனைவி தனியாக வந்தாள். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அவர் செஞ்சது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க நின்னா அவரு ஜெயிக்க மாட்டாரு. நீங்களும் ஜெயிக்க மாட்டீங்க. இது உங்களுக்கே தெரியும்."

தெரியும். கட்சிச் சின்னம் இல்லாமல் இந்தத் தொகுதியில் யாரும் கரையேறியதில்லை.

"அவன அனுப்பு. வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். வாங்கிடறேன்" என்றேன்.

மூன்று மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வரவில்லை. மூன்று மணிக்கு நேரம் முடிந்துவிட்டது. அவன் வராதது வீம்பா, வெட்கமா? எதுவாக இருந்தால் என்ன.

மார்ச் 22

இஸ்திரிப்பெட்டிச் சின்னம் ஒதுக்கியிருக்கிறார்கள். "எல்லாரையும் தேச்சு விட்டுரலாம்மா" என்றார் ஹாரன். பல நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

ஏப்ரல் 5

இன்று மார்க்கெட் தெருவில் எதிரும் புதிருமாக வந்துவிட்டோம். அவன் வண்டி அந்தப் பக்கம், என் வண்டி இந்தப் பக்கம், நடுவில் ஒரு தண்ணீர் லாரி. ஒதுங்க இடமில்லை. காய்கறிக்காரர்கள் எல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அவன் பக்கத்து ஒலிபெருக்கி, 'பதவி வெறி பிடித்த' என்று என்னைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தது. அவன் கையைக் காட்டினான். நின்றது. எங்கள் பக்கத்திலும் ஹாரன் பாட்டை நிறுத்தினார். தெருவே அமைதியாகிவிட்டது. அவன் வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். முதல் தேர்தலில் நானும் அப்படித்தான் இருந்தேன். வெந்நீர் குடிடா என்று சொல்ல வாய்வரை வந்தது.

லாரி நகர்ந்தது. அவன் வண்டி போனதும் ஒலிபெருக்கி மறுபடி ஆரம்பித்தது.

ஏப்ரல் 14

வாக்குப்பதிவு. என் பெயருக்கு மேல் வரியில் அவன் பெயர் இருந்தது.

மே 2

முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் நான். டெபாசிட்டும் போய்விட்டது. கடைசிச் சுற்றுவரை தம்பிக்கும் எதிர்க்கட்சிக்காரருக்கும் இழுபறி. முடிவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் தம்பி தோற்றான். எனக்கு விழுந்தது ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு.

கூட்டிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மனசு கூட்டிவிட்டது. அங்கே நின்ற அத்தனை பேரும் கூட்டினார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எதிர்க்கட்சிக்காரர் வந்து கை கொடுத்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றார். பாவி மனுஷன், கேலியாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார்.

தம்பி வெளியே போகிற வழியில் என் முன்னால் நின்றான்.

"சந்தோஷமாக்கா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டான். இந்தத் தடவை அவன் அழவில்லை.

பதில் சொல்லவில்லை நான். இல்லடா என்று ஒரு வார்த்தை. அதுக்கென்ன கேடு எனக்கு? ஏன் சொல்லல?

மே 3

எழுத ஒன்றுமில்லை.

மே 19

அந்த 'இல்லடா'வைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பி அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்த தம்பி மனைவி, உள்ளே கூப்பிடாமல் வெளியே வந்து பின்னால் சாத்தினாள்.

"தூங்கறாரு அண்ணி."

காலை பதினோரு மணிக்கா? உள்ளே அவன் யாரோடோ போனில் பேசுவது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது. இரண்டு பேரும் கேட்காததுபோல நின்றோம். எழுந்ததும் நான் வந்துவிட்டுப் போனதாகச் சொல்லு என்றேன். சரி என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 30

ஆஸ்பத்திரியில் புது எம்.எல்.ஏ. இரண்டாம் மாடிக்கு அடிக்கல் நாட்டினார். கூட்டத்தோடு நின்று பார்த்தேன். நல்ல விஷயம்தான். யார் செய்தால் என்ன. வரும் வழியில் நானே காய்கறி வாங்கினேன். கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

டிசம்பர் 2

சிட்டுவுக்குக் கல்யாணம். பத்திரிகையைக் கட்சி அலுவலகப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். வீட்டு ஆள் யாரும் வரவில்லை. உறையின் மேல் என் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று போட்டிருக்கிறது.

போகக் கூடாது. போகமாட்டேன்.

ஜனவரி 21

போனேன்.

பெரிய மண்டபம். வாசலில் தம்பி நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்தான்.

"வாங்க. உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவன் என்னை 'வாங்க' என்று சொன்னதில்லை. 'வாக்கா' என்பான். கோபமாக இருந்தால் 'வா' என்பான். என்னை முதல் வரிசை சோபாவில் தாசில்தாருக்கும் வங்கி மேலாளருக்கும் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

மேடையேறினேன். சிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை" என்றாள். அப்போது போட்டோக்காரர் குரல் கொடுத்தார்: "குடும்பத்தார் மட்டும் நில்லுங்க, மத்தவங்க கொஞ்சம் எறங்குங்க." தம்பி, தம்பி மனைவி, சின்னவள், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் நெருங்கி நின்றார்கள். சிட்டு கையை விடவில்லை. நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். தம்பி காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டோக்காரர் என்னைப் பார்த்துத் தயங்கினார். "மேடம், நீங்க குடும்பமா?"

"முன்னாள்" என்றேன்.

"தெரியும் மேடம். போன தடவ எங்க வீட்டு ஓட்டு அத்தனையும் உங்களுக்குத்தான்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, நான் இறங்குவதற்காகக் காத்திருந்தார்.

கையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன்.