முந்நூறு மணி நேரத்து கியர்பாக்ஸ்

வரதராஜன்பேட்டை
11.6.2006

அன்பு மகள் ஆனி ரோஸுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் கடிதம் படித்ததிலிருந்து உங்கள் முதலாளி மேல் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ பழுது பார்க்கும் பள்ளியின் பயிற்சி விமானத்துக்கு டீசல் எஞ்சினா பெட்ரோல் எஞ்சினா என்றால், இருபத்தாறு வருடம் டீசலில் கைவைத்தவன் டீசல் பக்கம்தான் பேசுவான் என்று நினைக்காதே. டீசல் எஞ்சின் குறைவாகக் குடிக்கும், விமான மண்ணெண்ணெயிலேயே ஓடும், விமானப் பெட்ரோலுக்கு அலைய வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் கனம் கூட, ஒவ்வொரு வெடிப்புக்கும் விழும் அடியும் கூட. அந்த அடியை வாங்குவது எஞ்சினுக்கும் காற்றாடிக்கும் நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ், அதனால்தான் முந்நூறு மணி நேரத்தில் கழற்றி மாற்று என்று செய்தவனே எழுதிவைத்திருக்கிறான். உங்கள் பழைய பெட்ரோல் எஞ்சினில் காற்றாடி நேராக எஞ்சினிலேயே உட்கார்ந்திருக்கும், இந்தத் தொல்லை இல்லை. டீசலை வாங்குகிறவன் இந்தச் செலவையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். உங்கள் முதலாளி லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முந்நூற்று நாற்பது மணி ஓடிய கியர்பாக்ஸை நன்றாக இருக்கிறது என்று உன்னை எழுதித்தரச் சொல்கிறார். மாட்டேன் என்றதற்கு, பம்புசெட் ரிப்பேர்காரன் மகளுக்கு ஏரோப்பிளேன் என்ன தெரியும் என்று எல்லோர் முன்னும் சிரித்தாராம். அவர் பிள்ளை அதில் பறக்கப் போவதில்லை. நாளைக்கு விழுந்தாலும் பிடிப்பது உன்னைத்தான், அதற்குத்தான் நம்மைப் போன்றவர்களின் கையெழுத்து.

என் தப்பைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்லக்கூடாது. இங்கே டீசலில் ரேஷன் மண்ணெண்ணெயைக் கலந்து தண்ணீர் இறைப்பது உனக்குத் தெரியும். எண்ணெய்ப் பசை போய் எஞ்சினுக்குள் இருக்கும் டீசல் பம்பு தேயும் என்று தெரிந்தும், ஆண்டிமடம் அய்யாக்கண்ணு கேட்டபோது "ஒண்ணும் ஆவாது, ஊத்துய்யா" என்றேன். கடலை பூவெடுக்கும் நேரம் அந்தப் பம்பு இறுகி எஞ்சின் நின்றது, கடலைக் கொல்லை காய்ந்தது. "நீ சொன்னதாலதான ஊத்துனேன்" என்று அவர் ஒரு வார்த்தைதான் கேட்டார். இன்றும் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்புகிறவன் நான். அது வெறும் கடலை.

"வேலைய வுட்டுட்டு வந்துடாதன்னு எழுதுங்க, இங்க வந்து என்னா பண்ணும்" என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன். நானும் அதையேதான் சொல்கிறேன், நீயாக விடாதே, விரட்டுவதென்றால் அவர்களே விரட்டட்டும்.

அடைக்கல மாதா உன்னையும் அந்த விமானத்தில் ஏறும் பிள்ளைகளையும் காக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். விமானப் பதிவேட்டில், கியர்பாக்ஸ் மணி கடந்துவிட்டது, பறக்கக்கூடாது என்று நீயே எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடு. பென்சில் வேண்டாம், பேனாவால்.

உன் அப்பா
செல்வநாதன்