நைனாவின் தோளில் பூஜ்யம்

பிப்ரவரி 14, சனி

நேற்று ஏகாதசிப் புறப்பாடு. பெருமாளைத் தூக்குகிற எல்லார் தோள்களிலும், துணிமடிப்புக்கு அடியில், கல்லூரியிலிருந்து கொண்டுவந்த, அழுத்தத்தை அளக்கும் தகடுகளை ஒட்டினேன். பாரம் சுமந்து நடக்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு. சொந்த ஊரான மானாம்பதியிலேயே செய்தால் சுலபம் என்று நினைத்தேன்.

காலையில் கணினியில் பார்த்தால், பாரத்தைக் காட்டும் கோடுகளில் நைனாவின் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது. முன்தண்டில் முதல் ஆள் அவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தூக்குகிறவர். வியர்வையில் தகடு கெட்டிருக்கும். கல்லூரியில் என்னை உரித்துவிடுவார்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

என் வழிகாட்டி ஏஞ்சல் மேடம், கருவிப் பிழை, அந்த ஆளை நீக்கிவிடு என்றார். அந்த ஆள் என் அப்பா என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 28, சனி

நேற்றைய ஏகாதசிக்கு நைனாவுக்கு வேறு தகடுகள். அதே கோடு! பழைய தகடுகளை வீராசாமி அண்ணனுக்கு ஒட்டியிருந்தேன். நைனாவுக்குப் பின்னால் அதே தண்டில் நிற்பவர். அவருடைய கோடு எல்லாரையும் தாண்டி ஏறியிருக்கிறது. அப்படியென்றால் தகடு நன்றாகத்தான் இருக்கிறது. பின்னே? நைனா தூக்கவே இல்லையா? வீட்டுக்கு வந்ததும் தோள் வலி என்று தைலம் தேய்க்கச் சொல்கிறாரே — ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

புறப்பாட்டில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீராசாமி அண்ணனின் துணிமடிப்பு மட்டும் மற்றவர்களுடையதைவிடத் தடிமன். அதனால் தண்டு உயர்ந்து, நைனாவின் தோளைச் சும்மா உரசிக்கொண்டு போகிறது.

அவர் ஓட்டும் டெம்போ நிற்கும் இடத்துக்கே போய்க் கேட்டேன். முதலில் டீ வாங்கிக் கொடுத்து மழுப்பினார். பிறகு, "உங்க நைனாவுக்குத் தோளு போன வருசமே போச்சும்மா. அவரா எடத்த வுட மாட்டாரு. அதான் நான் துணிய மொத்தமா மடிச்சிப் போட்டுக்கினு கீறேன்" என்றார். எல்லாரும் சேர்ந்து பேசிச் செய்ததாம். நைனாவுக்குத் தெரியாதாம். தெரியவும் கூடாதாம்.

பேசும்போதே இடது கையை உதறிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மரத்துப்போகிறதாம். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு இன்னொரு டீ சொன்னார்.

மார்ச் 4, புதன்

சொன்னால் நைனா ஒடிஞ்சிடுவார். சொல்லலேன்னா வீராசாமி அண்ணன் கை போயிடும். இதுக்கா படிச்சேன்? பேசாம காலேஜ்லயே நாலு பேர ட்ரெட்மில்லுல ஓடவிட்டு முடிச்சிருக்கலாம்.

மார்ச் 7, சனி

அம்மாவிடம் சொன்னேன். இவ்வளவு படித்தவளுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதா என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைய புறப்பாடு முடிந்ததும் நைனாவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் கோட்டைப் பார்க்க வேண்டுமாம். கூடத் தூக்குகிற பையன் ஸ்ரீகாந்தின் கோட்டைக் காட்டி, இதுதான் உங்களுடையது என்றேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இது நடுவுல தண்ட விட்டு எறங்கிப்போன ஆளு. நான் எங்க எறங்கினேன்? என்னுது காட்டு."

காட்டினேன். திரையில் விரலை வைத்துக் கோட்டின் கடைசிவரை இழுத்தார். அப்புறம், "எல்லாருக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வீராசாமி அண்ணனின் கையைப் பற்றியும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் செஞ்சது சரியா? தெரியல. தெரியவே இல்ல.

மார்ச் 16, திங்கள்

நைனா என்னோடு பேசவில்லை.

மார்ச் 28, சனி

வீராசாமி அண்ணனை நைனாவே செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாராம். அம்மா சொல்லித்தான் தெரியும். கழுத்து நரம்பு அழுந்தியிருக்கிறது, இனி பாரம் தூக்கவே கூடாது என்றாராம். என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை இல்லை. கோபமா, வருத்தமா — முகத்தைப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 1, புதன்

பங்குனி உத்திரம். முன்தண்டில் ஸ்ரீகாந்த். அவனுக்குத் துணியை மடித்துப் போட்டது நைனாதான். தகடு எதுவும் நான் ஒட்டவில்லை.

நைனா வெறுந்தோளோடு பக்கத்தில் நடந்தார். நான் பெருமாளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் சாய்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தூக்குகிறவர்களோடு அடிக்கு அடி சேர்த்து வைத்து வந்தார். தெருமுனையில் அவர்கள் நின்று தோள் மாற்றினார்கள். அவரும் மாற்றிக்கொண்டார்.