நகத்தில் உரசிப் பார்த்த டிப்பு

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

எங்கள் ஆலையில் கழித்துப் போட்ட, இரும்பு சீவும் கார்பைடு டிப்புகளைப் போன மாதம் நம் வீட்டு லேத்துக்கு அனுப்பினேனே, அவற்றைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி முனையை நகத்தில் உரசிப் பார்த்துத்தான் பொறுக்கினேன். அதே குவியலில் மிஞ்சிய ஒன்றை இங்கே மாட்டி ஓட்டினேன். தெரியாத விரிசல் இருந்திருக்கிறது, உடைந்து தெறித்துவிட்டது.

"கண்ணாடி போடுற பழக்கமே இல்லையா?" என்று ஃபோர்மேன் சத்தம் போட்டார். நீங்கள் போட்டு நான் பார்த்ததே இல்லையே அப்பா. இனியாவது போடுங்கள்.

எனக்குச் சின்னக் கீறல்தான். அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்புங்கள். இங்கே தலையணை உறை இமையில் உறுத்துகிறது.

நர்ஸ் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். போனில் ஏன் பேசவில்லை என்று அம்மா கேட்டால் சமாளியுங்கள். பேசினால் முகத்தைக் காட்டச் சொல்வாள்.