திகதி போடாத அறிவித்தல்

மார்ச் 4, செவ்வாய்

குரல்நாணில் நான்கு மில்லிமீற்றர் தடிப்பு. மூலம்: தொண்டை வைத்தியர், இன்று காலை, கமெராப் படத்தைக் காட்டியபடி. சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று நாள் வாய் திறக்கக்கூடாது. உறுதியானது இவ்வளவுதான்.

முப்பத்தொரு வருட நிருபர் நான். பாதி வேலை வானொலியில். குரல் போனால்?

மார்ச் 6

சாப்பாடு இறங்கவில்லை. மனம் தலைப்புகளாகவே எழுதுகிறது. எல்லாம் கெட்ட தலைப்புகள்.

மார்ச் 7, வெள்ளி

யாராவது கடும் வருத்தமாய்க் கிடந்தால் மரண அறிவித்தலை முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் வாரப்பத்திரிகையின் வழக்கம். வீட்டார் அழுகிற நேரத்தில் பெயர்கள் பிழையாகிவிடும். இன்று எனக்கு எழுதினேன். 'பாஷையூரைப் பிறப்பிடமாகவும் பார்க்கிங் நகரை வதிவிடமாகவும் கொண்ட றெஜினோல்ட்...' திகதிக்கு மட்டும் இடம் விட்டேன். பிறகு குட்மேய்ஸ் பகுதிச் செய்திகளை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 8, சனி

என் அறிவித்தலையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்கிறேன்!

எங்கள் பத்திரிகையின் பக்கம் கட்டும் சச்சிதானந்தன் போனில் கூப்பிட்டான். நான் வாய் திறக்க முதலே, "அண்ணை, ஒரு அறிவித்தல் வந்திருக்கு. செத்தவரே அனுப்பியிருக்கிறார். ரெண்டு மூலம் இல்லாமல் ஒண்டும் போடக்கூடாதெண்டு என்னைப் பேசிப் பேசிப் பழக்கினது நீங்கள். இதுக்கு ஒண்டுகூட இல்லை. போடேலாது."

மூன்று நாளுக்குப் பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் — சிரிப்பு.

விசயத்தைச் சொன்னேன். "படமாவது நல்லதாய் அனுப்பியிருக்கலாம்," என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

மனைவி பியற்றிஸ் தேவாலயப் பூசை முடிந்து வந்தாள். "உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"நான் நம்பிறேல்லையே."

"அது மெழுகுதிரிக்குத் தெரியாது."

அறிவித்தலைப் பற்றியும் சொன்னேன். "என்ர பேரை எத்தனையாவதாய்ப் போட்டனீங்கள்?"

"முதலாவதாய்."

"அப்ப சரி." சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

எனக்குச் செபம் வராது. ஆனால் சச்சி சொன்னது பகல் முழுக்கத் தலைக்குள் ஓடியது. கெட்டதற்கும் மூலம் இல்லை, நல்லதற்கும் இல்லை. பிறகேன் கெட்டதை மட்டும் முதல் பக்கத்தில் போடுகிறேன்? முடிவு வரும்வரை நல்லது முன்பக்கம். கெட்டது உள்பக்கத்தில் கிடக்கட்டும், மறைக்கப்போவதில்லை.

மார்ச் 11

வானொலிக்காரர் கேட்ட பன்னிரண்டு வாரத் தொடருக்கு இன்று 'ஓம்' என்றேன்! நிச்சயமில்லாத திகதிகளைப் பென்சிலால் எழுதுவது என் பழக்கம். மோர்டனில் எடுக்கவிருக்கும் முதல் பேட்டியின் திகதியைப் பேனையால் எழுதினேன். முதல் செய்திக்கு ஓடிய நாளையும் இப்படித்தான் பேனையால் குறித்தேன்.

மார்ச் 13

இரண்டு தட்டுச் சோறு.

மார்ச் 18, செவ்வாய்

தொடரின் அறிமுகத்தைக் குசினியில் சத்தமாக வாசித்தேன். கரகரப்பு இருக்கிறது. "அவசரப்படாமல் வாசியுங்கோ," என்றாள் பியற்றிஸ்.

சச்சி கேட்டான்: "அண்ணை, அந்த அறிவித்தலை அழிக்கட்டோ?"

"வைச்சிரும். ஒருநாள் வேணும்தானே. அதில வானொலித் தொடரையும் சேர்க்கவேணும். முடிஞ்சாப் பிறகு சொல்லுறன்."

இன்னும் வரவேண்டியவை: சோதனை முடிவு, வியாழன் 20, காலை 10.40. மோர்டன் பேட்டி, புதன் 26, பின்னேரம் 3 மணி.