கழற்றி வைத்த கடிகாரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அடுத்த வரியிலேயே மாட்டிக்கொள்வேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுது வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதும் படி.

போன வாரம் பேசியபோது, மாதக் கடைசியில் உன் வீட்டுக்காரரிடமே திரும்பிப் போகப்போவதாகச் சொன்னாய். அவர் கோபத்தை அடக்கும் வகுப்புக்கு வாராவாரம் போகிறார், மூச்சுப் பயிற்சி செய்கிறார், போனில் அழுகிறார் என்றாய். "கோபம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாதுக்கா, அது ஒரு வியாதி மாதிரி, மத்தபடி தங்கம்"னு நீ சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது மூடமாட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் நம் கண்ணாடிக் கடைக்கு வந்தார். உன் அண்ணன் வழக்கம்போல யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். தெருவே அவனுக்கு 'இடி' என்று பெயர் வைத்திருக்கிறது, உனக்குத் தெரியாததா? படத்துக்குச் சட்டம் போட வந்த ஒரு அம்மா நின்றிருந்தார். உன் வீட்டுக்காரர் அந்த அம்மாவின் வேலை முடியும்வரை ஓரமாகக் காத்திருந்தார். அந்த அம்மா கிளம்பும்போது கதவைக்கூடத் திறந்து பிடித்தார். பிறகு அதே கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று தணிந்த குரலில் கேட்டார். உன் அண்ணன் சொல்ல முடியாது என்றான். அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து, கண்ணாடி அறுக்கும் மேஜையில் கிடந்த தூளைத் துடைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அங்கே வைத்தார். கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டார். பாவம், மனுஷனுக்கு வகுப்பு வேலை செய்கிறதே என்றுதான் நினைத்தேன். அட மக்கு!

கண்ணைத் திறந்தவர், கண்ணாடி அளக்கிற இரும்பு அளவுகோலை எடுத்து உன் அண்ணனை அடிக்க ஆரம்பித்தார். தோள், விலா, முதுகு என்று சட்டை மறைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். கீழே விழுந்தவனை விலாவிலேயே திரும்பத் திரும்ப மிதித்தார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இதற்கு மேல் 'அவர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் குறுக்கே பாய்ந்தேன். அவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்து, பெரிய கண்ணாடிகளைச் சாத்தி வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தில் என் மண்டையை மோதினான். மோதிய வேகத்தில் முன்னால் இருந்த கண்ணாடி என் மேல் சரிந்தது.

விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது, விலகி நிற்க வேண்டும். நம் தொழிலில் முதல் பாடமே அதுதான். "போனா போகட்டும்டா, கையை நீட்டாதே"ன்னு உன் அண்ணன் வேலைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் தொண்டை கிழியக் கத்துவான். அவனே எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினான். என் கழுத்துக்கு வந்தது அவன் உள்ளங்கையில் உடைந்தது. ரத்தம் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. அவன் கத்தவே இல்லை.

உன் வீட்டுக்காரன் ரத்தம் படாமல் பார்த்துக் கால் வைத்து மேஜைக்குப் போனான். கடிகாரத்தை எடுத்துக் கட்டினான். "மாசக் கடைசிக்குள்ள அவ வீடு வந்து சேரணும்"னு சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கிப் போனான்.

மாலையில் போலீஸ் அவனை ஆபீசில் வைத்துப் பிடித்தது. ஒன்றும் நடக்காதவன் போல வேலை பார்த்துக்கொண்டிருந்தானாம். "கோபம் வந்தா என்னையே எனக்குத் தெரியாது சார்"னு சொல்லியிருக்கிறான். என்னிடம் விசாரிக்க வந்த போலீஸ்காரரும் அதையே எழுதிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

நீதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாய், அடிப்பதற்கு முன்னால் கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார் என்று. கண் மண் தெரியாத கோபம் எப்படி இருக்கும் என்று உன் அண்ணனைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாதா? ஆத்திரத்தில் வாளியை உதைத்துவிட்டு ஒரு வாரம் நொண்டினானே! தன் போனைத் தானே சுவரில் அடித்து உடைத்தவன் அவன். உன் வீட்டுக்காரன் கோபத்தில் தன் பொருள் ஒன்றையாவது உடைத்திருக்கிறானா? மேனேஜர் திட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறானே, அங்கே கண் நன்றாகத் தெரிகிறதா? சின்னவளே, அவனுக்கு வந்தது கோபமே இல்லையடி. கோபத்தை வகுப்பு வைத்து அடக்கலாம். இதை எந்த வகுப்பில் அடக்குவார்கள்?

அண்ணனின் வலது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இரண்டு விரல் மடங்கவில்லை. இனி கண்ணாடி அறுக்க முடியுமா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். நர்சுகளிடம் கத்த ஆரம்பித்துவிட்டான், அதனால் பிழைத்துக்கொள்வான். எனக்குத் தலையில் தையல், முடி மறைத்துவிடும். உனக்கு எதுவும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். "தெரிஞ்சா நம்மளக் காப்பாத்துறேன்னு அவன்கிட்டயே போய் நிப்பா"ன்னு புலம்புகிறான். அவனுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன் சீக்கிரமே ஜாமீனில் வருவான். ஏதாவது ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டு அழுவான். அழுகை நிஜமாகக்கூட இருக்கலாம். நீ திட்ட வேண்டாம், வாதாட வேண்டாம். "வாட்சைக் கழட்டி எங்க வச்சீங்க?" என்று மட்டும் கேள். அவன் பதில் தேடும்போது போனை வைத்துவிடு.

அண்ணனைப் பார்க்கக்கூட இப்போது வராதே. எங்களுக்காக என்று ஒரு அடிகூட எடுத்து வைக்காதே. விழுகிற கண்ணாடிக்கு நம் வீட்டில் ஒருவன் கை நீட்டியது போதும். நீ நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே. தூரத்திலேயே நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அக்கா