திரை இழுப்பவர்களின் காது

ஏற்காடு
14 ஜூன் 2024

அன்புள்ள கீர்த்திகா கண்ணுக்கு,

உன் சுதாராணி அக்கா எழுதுவது. நீயும் அம்மாவும் சுகந்தானே? இங்கே நானும் பிள்ளைகளும் சுகம், என் காதைத் தவிர. போன வாரம் நீ மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் காகிதம். ஆபீசுக்கு அனுப்பாமல் உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது.

மாரிசாமி அண்ணனுக்கு அடிபட்டது உனக்குத் தெரிந்திருக்கும். நீ இங்கே டிக்கெட் கவுண்டரில் இருந்தபோது மாரமங்கலத்திலிருந்து உனக்குப் பலாச்சுளை கொண்டுவந்து தருவாரே, அவர்தான். ஞாயிற்றுக்கிழமை, நம் ரிசார்ட் அரங்கில் கோட்டைப் போர் நாடகம், அன்றைக்கு மூன்றாவது காட்சி. பீரங்கி வெடித்ததும் கோட்டை மதிலைச் சக்கரத்தில் வைத்து முன்னால் தள்ளுவோம். அவர் அதன் பாதையிலேயே குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். விலகச் சொல்லிக் கத்தினேன். ஐந்தடி தூரம்தான். அவர் தலை நிமிரவே இல்லை. மதில் இடது காலில் ஏறிவிட்டது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நீ இருந்தபோது நாளைக்கு இரண்டு காட்சி. இப்போது சனி, ஞாயிறு நான்கு. மே மாதம் முழுக்க ஐந்து. நீ சென்னைக்குப் போன மறுவருஷம் வைத்த பெரிய ஸ்பீக்கர்கள் நான் திரை இழுக்கும் இடத்திலிருந்து இரண்டடிதான்.

மேனேஜர் யுவராஜ் ஒரு தாள் நீட்டுகிறார். "மாரிசாமியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று போட்டிருக்கிறது. அதை வைத்து அவரை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள். மேடை வேலை பார்க்கும் நாங்கள் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ இப்போது கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. என்ன செய்யலாம் என்று சொல்.

அன்புடன்,
சுதாராணி

*

சென்னை
22 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. அம்மாவும் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அக்கா. நீங்கள் போடாவிட்டாலும் மற்றவர்கள் போடுவார்கள். யுவராஜ் சாரிடம் நான் பேசிவிட்டேன். உங்களைத் திரையிலிருந்து எடுத்து வரவேற்பு மேசைக்கு மாற்றச் சம்மதித்திருக்கிறார். அங்கே சத்தமே இருக்காது. அண்ணனுக்கு வேறு வழியில் ஏதாவது செய்யப் பார்க்கிறேன்.

ஒரு நல்ல காது டாக்டரைப் பாருங்கள். குளிர் காலம் வந்தால் மலையில் காது அடைப்பது சகஜம்தானே. அதுவாகக்கூட இருக்கலாம்.

என்றும் உங்கள்,
கீர்த்திகா

*

ஏற்காடு
30 ஜூன் 2024

அன்புள்ள கீர்த்திகா,

இது ஜூன் மாதம். இதே மலையில் தலைச்சோலையில் பிறந்தவள் நீ, உனக்கு நான் குளிர் காலம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் நெடுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா அத்தனை நேரமும் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். எட்டுப் பேரில் ஆறு பேருக்குக் கோளாறு. எனக்கும், மதில் தள்ளும் வள்ளிக்கும்தான் அதிகம். "உள்ளே நரம்பு போயிருச்சும்மா, இனி திரும்பாது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கங்க" என்று தாளில் எழுதிக் காட்டினார்கள். மாரிசாமி அண்ணனுக்குப் படுக்கையிலேயே பார்த்தார்கள். என்னைவிட மோசம். அவர் கவனக்குறைவானவர் இல்லை, கண்ணு. அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்தோம். ஒருவரும் கையெழுத்துப் போடப்போவதில்லை. தொழிலாளர் துறைக்கு மனு எழுதியாயிற்று.

வரவேற்பு மேசை வேண்டாம். நான் போனால் என் இடத்தில் வள்ளியை நிறுத்துவார்கள். அவளுக்கு இருபத்தாறு வயது.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நேராகப் பதில் சொல். இரண்டு வருஷம் முன்னால் கையில் சத்தம் அளக்கும் மீட்டரோடு வந்து, நான் நிற்கும் இடத்தில் நின்று அளந்தாயே. அது என்ன காட்டியது?

சுதாராணி

*

சென்னை
11 ஜூலை 2024

அக்கா,

ஒரு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

மீட்டர் நூற்றேழு டெசிபல் காட்டியது. எண்பத்தைந்தைத் தாண்டினாலே காதுக்குப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நூற்றேழில் சில நிமிஷம்கூட வெறும் காதோடு நிற்கக் கூடாது. அப்படியேதான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர் அதைத் திருப்பி அனுப்பினார். பார்வையாளர் உட்காரும் கடைசி வரிசையில் அளந்து எழுதச் சொன்னார். அங்கே எண்பத்திரண்டு. அதை எழுதி, "அரங்கில் சத்தம் அனுமதிக்கப்பட்ட அளவில் உள்ளது" என்று என் கையெழுத்தைப் போட்டேன். அடுத்த மாதம் எனக்கு இந்தப் பதவி வந்தது.

உங்களுக்குச் சத்தம் தடுக்கும் காதுறை வாங்கித் தரச் சொல்லித் தனியாகக் கேட்டேன். தருகிறோம் என்றார்கள். தந்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவில்லை.

என் பெயரை இதில் இழுக்காதீர்கள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்கு நான் ஒருத்திதான்.

கீர்த்திகா

*

ஏற்காடு
24 ஜூலை 2024

கீர்த்திகாவுக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அதைக் காட்டி ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை முதல் காட்சிக்கு அரங்கு நிறைந்திருந்தது. மணி அடித்தும் நான் திரையை இழுக்கவில்லை. யுவராஜ் ஓடி வந்து என்னவென்று கேட்டார். அவர் உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளு நீங்க இந்த எடத்துல நில்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேனுங்க. காட்சி முடியற வரைக்கும் நின்னுட்டீங்கன்னா, நீங்க நீட்டுற தாள்ல நானே மொத கையெழுத்துப் போடறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் பொறுமையில்லாமல் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நின்றார். திரையை இழுத்தேன். முதல் பீரங்கிக்கே தோளைக் குறுக்கினார். நாலாவது வெடிக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வள்ளி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் நான் ஆறு வருஷமாக நிற்கிறேன்.

அடுத்த காட்சிக்கு ஒருவரும் மேடை ஏறவில்லை. வேலையை விட்டு நிறுத்துவதாக மிரட்டினார்கள். நிறுத்துங்கள் என்றோம். செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து அளந்தார்கள். நூற்றாறு.

இன்றைய சத்தத்துக்கு இனி சாட்சி தேவையில்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் கம்பெனிக்கு இது தெரியும் என்பதற்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது. "எங்களுக்கு இப்போதுதான் தெரியும், தவறு மாரிசாமியுடையது" என்று சொல்கிறார்கள். ஆகஸ்டு ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கு ரிசார்ட் கூட்ட அறையில் விசாரணை. உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீயாக வந்தால் வா.

சுதாராணி

*

ஏற்காடு
9 ஆகஸ்டு 2024

அன்புள்ள கீர்த்திகா கண்ணுக்கு,

ஐந்தாம் தேதி எல்லாம் முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாய். பின்னாலேயே ஓடிவந்தேன். கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை.

நீ பேசியதில் பாதிதான் எனக்குக் கேட்டது. மீதியை வள்ளி சொன்னாள். முதலில் எழுதிய அறிக்கையை நீ மேசைமேல் வைத்தபோது கம்பெனி வக்கீல் எழுந்து நின்றாராமே. "அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது சொல்கிறீர்களா?" என்று அவர் கேட்டதற்கு, "அப்பச் சொன்னதுதாங்க பொய்" என்றாயாம். அது போதும்.

மாரிசாமி அண்ணனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நீ அவர் முன்னால் போய் நின்று, தாள் வாங்கி ஏதோ எழுதிக் கொடுத்தாயே, அதை அவர் எனக்குக் காட்டினார். "அண்ணா, சத்தம் அளவுக்கு மேல் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே இல்லையென்று எழுதினேன்." மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "நம்ம புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது, சாமி. நாந்தான் எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அவரை நீக்கும் உத்தரவு ரத்து. கால் ஆறியதும் உட்கார்ந்து செய்யும் வேலை. ஸ்பீக்கர்களை மேடையை விட்டு இறக்கி, பார்வையாளர் பக்கம் திருப்பி, உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். காதுறை வந்துவிட்டது. ஒரு காட்சிக்கு நின்றவர் அடுத்த காட்சிக்கு நிற்கக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை. கூடவே ஒரு மீட்டரும் கொடுத்தார்கள். அது என் பொறுப்பு.

உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாக இங்கே ஆபீசில் இருக்கும் ஆசிர் சொன்னான். எதிர்த்து மனு எழுது. நாங்கள் எட்டுப் பேரும் அதில் கையெழுத்துப் போடுகிறோம், மாரிசாமி அண்ணனும் சேர்த்து ஒன்பது. அவர் தானாகத்தான் கேட்டார்.

மன்னிப்பைப் பற்றி என்னிடம் இப்போது கேட்காதே. தினம் காலையில் எழுந்து, குருவி கத்துகிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்கும்போது உன்மேல் கோபம் வருகிறது. அது போக நாளாகும். ஆனால் அம்மாவை அழைத்துக்கொண்டு நம் ஊட்டுக்கு வா. கோபத்தோடேயே சோறு போடுவேன்.

நேற்று யுவராஜ் வந்து, தொடர் விடுமுறைக்குக் கூட்டம் வருகிறது, பீரங்கிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். மீட்டரை அவர் கையில் கொடுத்து, "எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கங்க. எண்பத்தஞ்சைத் தாண்டுச்சுன்னா திரை ஏறாதுங்க" என்றேன்.

ஏற்றவில்லை.

உன்,
சுதாராணி அக்கா